பிழை மேலே ஏறாது

கணினி கற்க விரும்பும் கள்ளக்குறிச்சி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாக ஒரு பாடம் நடத்தலாம் என்றிருக்கிறேன். செலவைப் பற்றிக் கவலையில்லை. அரசு ஏற்கெனவே கொடுத்துவிட்டது, தலைக்கு 10 லட்சம் வீதம். பாடம் இதுதான்: சொந்த மூளை இல்லாத மலிவான இங்க்ஜெட் பிரிண்டரில் ஒரு மனித முகத்தை அச்சடிப்பது எப்படி? செய்முறைப் பயிற்சிக்கான ஊர் கருணாபுரம்.

முதலில் கருவி. பிரிண்டரில் இரண்டு சாதி உண்டு. (எதில்தான் இல்லை?) மேல்சாதிப் பிரிண்டருக்குள் ஒரு பிராசசரும் கொஞ்சம் மெமரியும் இருக்கும். இந்த இடத்தில் 'அ' போடு, அந்த இடத்தில் கோடு இழு என்று சொன்னால் போதும், மிச்சத்தை அதுவே யோசித்துக்கொள்ளும். விலையைக் குறைக்க வேண்டும் என்று வந்தபோது கம்பெனிக்காரர்கள் அந்தப் பிராசசரையும் மெமரியையும் பிடுங்கிவிட்டார்கள். யோசிக்கிற வேலை முழுவதும் கணினியின் தலையில். எந்தத் துளை எந்த நொடியில் மையைத் துப்ப வேண்டும் என்பதுவரை கணினி கணக்குப் போட்டு அனுப்ப வேண்டும். பிரிண்டர் துப்பும். அவ்வளவுதான் அதன் உத்தியோகம்.

90-களின் பின்பாதியில் ஹெச்பி நிறுவனம் டெஸ்க்ஜெட் 710, 720, 820, 1000 என்று இந்த வகையில் சில மாடல்களை விற்றது. பிபிஏ என்று அந்த ஏற்பாட்டுக்குப் பெயர். விண்டோஸ் இருந்தால் வேலை செய்யும். லினக்ஸில் மாட்டினால் கல்லுப்பிள்ளையார். எந்த வரிசையில் என்ன அனுப்பினால் அது அசையும் என்பதை நிறுவனம் வெளியே சொல்லவில்லை. டிம் நார்மன் என்பவர் கம்பியில் ஓடும் தகவலைப் பார்த்துப் பார்த்து மர்மத்தை உடைத்தார். கறுப்பு வெள்ளைப் படத்தை அந்தப் பிரிண்டருக்குப் புரியும்படி மாற்றும் பிபிஎம்2பிபிஏ என்ற நிரல் அப்படித்தான் வந்தது. பிறகு வண்ணத்துக்கு பிஎன்எம்2பிபிஏ. அதிலும் தாளின் ஓரம் எங்கே முடிகிறது என்பதைக்கூடப் பயனர்தான் அளந்து சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இந்த வகைப் பிரிண்டரின் பெரிய வசதி, அதை யாரும் குற்றம் சொல்ல முடியாது என்பது. தாளில் எது வந்தாலும் மேலிடம் அனுப்பியது, கீழே துப்பியது.

கருணாபுரம் ஏதோ காட்டுக்குள் இருக்கிற ஊர் இல்லை. கள்ளக்குறிச்சி நகரத்துக்குள்ளேயே, காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அங்கே பாக்கெட் சாராயம் விற்பது அந்தத் தெருக் குழந்தைகளுக்குத் தெரியும். மூட்டை தூக்கப் போகிறவருக்கும், சாக்கடை அள்ளப் போகிறவருக்கும், சித்தாள் வேலைக்குப் போகிற பெண்ணுக்கும் எங்கே, யாரிடம், எவ்வளவு என்று தெரியும். காவல் நிலையத்துக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? மெமரி கிடையாது. பிராசசர் கிடையாது. மேலேயிருந்து தகவல் வந்தால்தான் துளை திறக்கும். மாதத்துக்கு ஒருமுறை மேலேயிருந்து வேறு ஏதாவது வந்ததா, கீழேயிருந்து மேலே ஏதாவது போனதா என்பதெல்லாம் சி.பி.ஐ. விசாரிக்க வேண்டிய விஷயம்; இந்தப் பாடத்திட்டத்தில் வராது.

அடுத்தது படம். பிரிண்டரிடம் சாம்பல் நிற மை என்று ஒன்று இல்லை. கறுப்பு உண்டு, வெறும் தாள் உண்டு. மனித முகத்திலோ நெற்றி, கன்னம், கண்ணுக்குக் கீழே விழும் நிழல் என்று எல்லாமே சாம்பலின் சாயல்கள். கணினி ஒவ்வொரு புள்ளிக்கும் 0-விலிருந்து 255 வரை ஓர் எண் வைத்திருக்கும். 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை. மிகச் சோம்பேறித்தனமான வழி, நடுவில் 128-இல் ஒரு கோடு கிழிப்பது. அதற்குக் கீழே எல்லாம் கறுப்பு, மேலே எல்லாம் வெள்ளை. வேலை சீக்கிரம் முடியும். முகம் இருக்காது.

2024 ஜூன் 19 அன்று கள்ளக்குறிச்சி மாவட்ட நிர்வாகம் இந்தச் சோம்பேறி முறையைத்தான் கையாண்டது. முந்தின நாள் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் காலையில் சாகத் தொடங்கியிருந்தார்கள். வயிறு எரிகிறது, கண் தெரியவில்லை என்று ஆட்டோவிலும் ஆம்புலன்ஸிலும் வந்துகொண்டிருந்தார்கள். மாவட்ட ஆட்சியர் செய்தியாளர்களிடம் பேசினார். இவை கள்ளச்சாராயச் சாவுகள் என்று உறுதியாகவில்லை என்றார். வயிற்றுப்போக்கு என்றார்கள், வலிப்பு என்றார்கள், வயது என்றார்கள். 128-இல் கோடு கிழித்தாயிற்று. எல்லாம் வெள்ளை.

அந்த வெள்ளையை நம்பித்தான், செத்தவர் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்களில் சிலர் அதே பாக்கெட்டை வாங்கிக் குடித்தார்கள் என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள், எதிர்க்கட்சிகளும் சொன்னன. சாவு வீட்டில் கொஞ்சம் போட்டுக்கொள்ளாமல் யார் பறைக்கு ஆடுவது, யார் பாடை தூக்குவது? அரசே வயிற்றுப்போக்கு என்று சொன்ன பிறகு பயப்படுவதற்கு என்ன இருக்கிறது?

இனி வருவதுதான் பாடத்தின் உயிர். நோட்டு எடுத்து எழுதிக்கொள்ளுங்கள்.

ராபர்ட் ஃபிளாய்டும் லூயிஸ் ஸ்டைன்பர்கும் 1976-இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். பிழைப் பரவல் என்று சொல்லலாம். கோடு கிழித்து ஒரு புள்ளியைக் கறுப்பாக்கும்போது ஒரு பொய் சொல்கிறோம் அல்லவா? அந்தப் பொய்யின் அளவை மறந்துவிடாமல் பக்கத்துப் புள்ளிகளுக்குப் பகிர்ந்துவிட வேண்டும். உதாரணமாக, புள்ளியின் எண் 96. கறுப்பாக அச்சடித்தோம், அதாவது 0. பொய் 96. இதை 16 பங்காக்கி, வலப்பக்கத்துப் புள்ளிக்கு 7 பங்கு, கீழே இடப்பக்கத்துக்கு 3, நேர் கீழே 5, கீழே வலப்பக்கத்துக்கு 1 என்று கொடுக்க வேண்டும். வலப்பக்கத்தான் 42 வாங்குவான். கீழே இருக்கிற மூவரும் 18, 30, 6. கூட்டிப் பாருங்கள், 96 சரியாக வரும். தூரத்தில் நின்று பார்த்தால் முகம் அச்சுஅசலாகத் தெரியும்.

பக்கவாட்டில் ஒருவருக்கு, மிச்சம் முழுக்கக் கீழே. மேலே ஒன்றும் போகாது. மேல் வரிசை ஏற்கெனவே அச்சாகி முடிந்தது. அதில் கை வைக்க முடியாது என்பது விதி. கீழே போகிற பிழை, இன்னும் அச்சாகாத புள்ளிகளின் தலையில், அவற்றின் முறை வருவதற்கு முன்பே விழுந்துவிடும். பொய் சொன்னது மேல் வரிசை. 19-ஆம் தேதி மாலை பாக்கெட்டைக் கடித்துத் திறந்தவர்கள் கீழ் வரிசை.

ஃபிளாய்டும் ஸ்டைன்பர்கும் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலகத்துக்கு வந்து பார்த்துவிட்டுத்தான் இதை எழுதினார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். பங்கீட்டைப் பாருங்கள். வலப்பக்கம் 7 பங்கு: ஆட்சியர் இடமாற்றம், காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம். பக்கவாட்டு நகர்த்தல் என்றால் பக்கவாட்டுதான். கண்காணிப்பாளரின் இடைநீக்கம் பின்னால் விலக்கப்பட்டு வேறு பதவியும் கிடைத்தது. நேர் கீழே 5 பங்கு: மதுவிலக்குப் பிரிவுக் காவலர்கள் சிலரும் இடைநீக்கம். கீழே இடப்பக்கம் 3 பங்கு: கல்வராயன் மலை. அந்த மலையைப் பிறகு தனியாகப் பார்ப்போம். கடைசிப் பங்கு, குடித்தவன்.

மேலே இருப்பவர்கள்? மதுவிலக்குத் துறை அமைச்சர், அமைச்சராகவே இருந்தார். காவல்துறையைத் தன் பொறுப்பில் வைத்திருந்த முதல்வர், முதல்வராகவே இருந்தார். அச்சாகி முடிந்த வரிசை.

குடித்தவனுக்கு வெறும் ஒரு பங்குதானே என்று ஏமாந்துவிடக் கூடாது. வரிசைக்கு வரிசை தள்ளித் தள்ளி, கடைசி வரிசைக்கு வரும்போது எல்லாருடைய மிச்சமும் அவன் கணக்கில் சேர்ந்திருக்கும். "குடிச்சுச் செத்தவனுக்கு எதுக்கு 10 லட்சம்? எல்லையில செத்த ராணுவ வீரனுக்கு என்ன குடுத்தீங்க?" அந்த வாரம் தமிழ்நாட்டின் டீக்கடைகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் இந்தக் கேள்வி கேட்காதவர் பாவி. இழப்பீட்டை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் வழக்கே போட்டார்கள். கேட்டவர்களில் பாதிப்பேர் டாஸ்மாக்கில் வரிசையில் நின்றபடி கேட்டிருப்பார்கள். அந்த வரிசை 2023-24 நிதியாண்டில் அரசுக்குக் கொடுத்தது 45,855 கோடி ரூபாய். அரசுக்கடையில் குடித்தால் வருவாய், தெருவில் குடித்தால் ஒழுக்கக்கேடு. 2024 பிப்ரவரியில் சாதாரண குவார்ட்டருக்கு 10 ரூபாய் ஏற்றியபோது, கூலி வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று நிதித்துறையில் கணக்குத் தெரிந்த ஒருவருமா இல்லை? சட்டமன்றத்திலேயே மூத்த அமைச்சர் துரைமுருகன் எழுந்து, உழைக்கிறவனுக்கு அரசு விற்கும் சரக்கில் கிக் போதவில்லை, அதனால்தான் கள்ளச்சாராயத்துக்குப் போகிறான் என்கிற மாதிரி விளக்கினார். இதை ஒப்புதல் வாக்குமூலம் என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. சிரித்தார்கள்.

தாளின் அடி ஓரத்தில் என்ன நடக்கும் என்று கூர்மையான மாணவர் கேட்கலாம். கடைசி வரிசைக்குக் கீழே புள்ளி இல்லையே, பிழை எங்கே போகும்? நிரலில் அதற்குத் தனியாக ஒரு வரியும் எழுத வேண்டாம். ஓரத்தைத் தாண்டிய பிழை கைவிடப்படும். 2024 ஜூன் 20 மாலை கோமுகி ஆற்றங்கரையில் வரிசையாகச் சிதை அடுக்கினார்களே, அதுதான் ஓரம். கடைசியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள். ஆண்கள், பெண்கள், ஒரே வீட்டில் கணவனும் மனைவியும். பெரும்பாலோர் தலித்துகள், தினக்கூலிகள்.

இனி, செத்தவர்களுக்கு அஞ்சலிப் பதாகை அடிக்கிற பகுதிக்கு வருவோம். ஃப்ளெக்ஸ் மெஷினும் இங்க்ஜெட்தான், பெரிய உருவத்தில். அதற்கும் சொந்த மூளை கிடையாது. பக்கத்தில் இருக்கும் கணினியில் ரிப் என்ற மென்பொருள் படத்தைப் புள்ளியாக்கி அனுப்ப வேண்டும். கண்ணீர் அஞ்சலி அடிக்க வருகிற கூலிக்காரர் வீட்டில் என்ன படம் இருக்கும்? ஆதார் அட்டையில் விரல்நகம் அளவு முகம். அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. அதை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் அகலத்தில் 413 புள்ளி கிடைக்கும். நான்கடி அகல ஃப்ளெக்ஸுக்கு இழுத்தால் ஓர் அங்குலத்துக்கு ஒன்பது புள்ளிகூட வராது. "படம் உடையுதுண்ணா" என்பார் டிசைனர். வேறு நல்ல போட்டோ இல்லையா என்பார். இருக்காது. அஞ்சலி செலுத்தும் தலைவர்களின் படங்களோ பின்னணி வெட்டி, நிறம் திருத்தி, கும்பிட்ட கையோடு, பெரிய ரெசல்யூஷனில் கடைக் கணினியில் எப்போதும் தயாராக இருக்கும். ஆகவே செத்தவர் கலங்கலாகவும், துக்கம் விசாரிப்பவர் தோல் துளை தெரியும் துல்லியத்தோடும் அச்சாவது கணித விதிப்படி சரியே.

உயிரோடு இருப்பவர்களின் படத்தைப் பேனரில் போடக் கூடாது என்று 2017 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி உத்தரவிட்டார். தமிழ்நாடு முழுக்க யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கருணாபுரத்தில் மட்டும், ஒரு வாரத்துக்குள், பேனரில் ஏறத் தகுதியானவர்களின் எண்ணிக்கையை அரசே உயர்த்திக் கொடுத்தது.

வந்தவர்களுக்குக் குறைவில்லை. உதயநிதி ஸ்டாலின் வந்து காசோலை கொடுத்தார். எடப்பாடி பழனிசாமி வந்து கொதித்தார். விஜய் மருத்துவமனைக்கு வந்தார். கமல்ஹாசன் வந்தார். அண்ணாமலை வந்தார். மதுவைச் சில்லறையாக விற்கும் வேலையை 2003-இல் டாஸ்மாக்கிடம் கொடுத்தது யார் ஆட்சி என்று கொதித்தவரிடம் எவரும் கேட்கவில்லை. சாவு வீட்டில் பழைய கதை பேசுவது மரியாதையில்லை. 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டுப் பக்கமும் இதே மெத்தனால் இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றிருந்தது. அப்போதும் 10 லட்சம், இடைநீக்கம், சூளுரை. ஒருமுறை நிரல் எழுதிவிட்டால் படத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம் என்பதுதானே கணினியின் பயன்?

மெத்தனால் என்ன செய்யும் என்பதையும் பாடத்தில் சேர்த்துவிடுகிறேன், படத்தைப் பற்றிய பாடம் என்பதால். ஈரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், அடுத்து ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றும். ரத்தம் புளிக்கும். அந்த அமிலம் பார்வை நரம்பைத் தேடிப்போய்க் கொல்லும். பனிப்பொழிவுக்கு நடுவே நிற்பதுபோல் எல்லாம் வெள்ளையாக, பொடிப்பொடிப் புள்ளியாகத் தெரிகிறது என்று நோயாளிகள் சொல்வதாக மருத்துவ நூல்கள் எழுதியிருக்கின்றன. பிழைத்தவர்களில் சிலருக்குப் பார்வை போயிற்று. அவர்கள் வீட்டில் மாட்டிய அஞ்சலிப் படம் உடைந்திருக்கிறதா இல்லையா என்ற கவலை அவர்களுக்கு இனி இல்லை. சிகிச்சை பெற்றவர்களுக்கு அரசு அறிவித்தது 50,000 ரூபாய். இரண்டு கண்ணுக்கும் சேர்த்துத்தான்.

இப்போது மலை. கல்வராயன் மலை என்றால் நம் பத்திரிகைகளுக்கு ஒரே படம்தான்: காக்கிச் சட்டைகள் வரிசையாக நிற்க, ஒருவர் பேரலைக் கவிழ்க்கிறார், தரையில் ஊறல் ஓடுகிறது. கீழே தலைப்பில் இத்தனை லிட்டர் அழிப்பு. அந்த மலையில் சாராயம் காய்ச்சுவது உண்மை. வெல்லமும் கடுக்காயும் வேலம்பட்டையும் ஊறுவது உண்மை. மலையாளிப் பழங்குடி மக்கள் சாலையும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் கேட்டுத் தொண்டை வற்றியதும் உண்மை. கருணாபுரத்துச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அந்த மக்களின் வாழ்நிலை பற்றி வழக்கு எடுக்க வேண்டியிருந்தது. அதுவரை அரசின் எல்லாப் படத்திலும் மலை இருந்தது, மனிதர் இல்லை. ஆனால் வேலம்பட்டையை எத்தனை நாள் ஊறவைத்தாலும் மெத்தனால் டிரம் டிரம்மாகச் சொட்டாது. அது தொழிற்சாலைச் சரக்கு. பெயிண்டுக்கும் வார்னிஷுக்கும் பிசினுக்கும் போகிற கரைப்பான். மலையிலிருந்து இறங்காது, சமவெளியிலிருந்து லாரியில் வரும். மலையில் ஊறலைக் கவிழ்த்துப் படம் எடுப்பது எளிது. ஆலையின் கேட்டில் நின்று ரசீது கேட்டால் படம் நன்றாக விழாது. உரிமையாளர்களுக்கு வெளிச்சம் பிடிக்காது.

பிறகு சட்டம் திருத்தினார்கள். 2024 ஜூன் 29 அன்று, 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்துக்குச் சட்டமன்றத்தில் திருத்தம் நிறைவேறியது. கள்ளச்சாராயத்தால் சாவு நேர்ந்தால் ஆயுள் தண்டனை, அபராதம் 10 லட்சத்துக்குக் குறையாமல். தெரிந்தே கண்ணை மூடிக்கொண்ட அதிகாரிக்கு எத்தனை ஆண்டு? பிழை மேல்நோக்கி நகராது என்றுதான் முதலிலேயே சொன்னேனே. ஓய்வுபெற்ற நீதிபதி கோகுல்தாஸ் தலைமையில் ஆணையம் வைத்து மூன்று மாதம் அவகாசம் கொடுத்தார்கள். சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது. 2024 நவம்பர் 20 அன்று உயர் நீதிமன்றம் வழக்கை அவர்கள் கையிலிருந்து எடுத்து சி.பி.ஐ.யிடம் கொடுத்தது. உடனே நம் அரசுக்கு ரோஷம் வந்தது. எதன்மேல்? உச்ச நீதிமன்றத்துக்கு ஓடி, வேண்டாம், நாங்களே விசாரித்துக்கொள்கிறோம் என்றது. டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளுபடி செய்தது. செத்தவர்களின் குடும்பத்துக்காக அத்தனை வேகமாக டெல்லிக்கு யாரும் ஓடியதை நான் பார்க்கவில்லை.

தேர்வுக்கு ஒரே கேள்விதான். மெத்தனாலை யார் வாங்கலாம், யார் வைத்திருக்கலாம், எங்கே எழுதிவைக்க வேண்டும் என்பதற்கு இந்த மாநிலத்தில் 1959-லிருந்தே தனி விதி இருக்கிறது. உரிமம் உண்டு, பதிவேடு உண்டு, அதைச் சோதிக்கச் சம்பளம் வாங்கும் அதிகாரி உண்டு. டிரம்முக்கு ரசீது உண்டு, லாரிக்கு நம்பர் உண்டு. அடுத்த முறை உங்கள் ஊருக்குக் காசோலையோடும் கேமராவோடும் யார் வந்தாலும், எந்தக் கட்சிக்கொடி கட்டிய காரில் வந்தாலும், போட்டோவுக்கு நிற்பதற்கு முன் அந்த ரசீதையும் அந்தப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர் பெயரையும் கேளுங்கள். தராதவரைக் காரிலிருந்து இறங்கவே விடாதீர்கள்.